இசைவுப் பெட்டியில் விழுந்த சொல்

அன்று காலை பதினொரு மணிக்குள் ஐந்தரைக் கோடிப் பேரிடம் மூன்று முறை கருத்துக் கேட்டு முடித்தாகிவிட்டது. அந்த ஐந்தரைக் கோடிப் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. அவரவர் வேலையில் அவரவர் இருந்தார்கள். அவர்களுடைய குரற்படிகள் மட்டும் தரமணியில் கொள்கை நடுவத்தின் மூன்றாவது மாடியில், கேட்டதற்கெல்லாம் அலுக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

குரற்படி என்பது ஒருவர் அரசு அலுவலகங்களோடு தொலைபேசியில் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்துச் செய்த அவருடைய நகல். ரேஷன் கடையில் அரிசி வந்ததா என்று கேட்டது, மின்சாரம் போனதற்குத் திட்டியது, ஆஸ்பத்திரியில் சீட்டுக்குக் கெஞ்சியது எல்லாம் அதற்குள் இருக்கும். எதைக் கேட்டால் அவர் என்ன சொல்வாரோ, அதை அவர் குரலிலேயே, அவர் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிடும். அந்தப் பதில்களை வாங்கி மூன்று பெட்டிகளில் பிரித்துப் போடும் இயந்திரத்துக்கு இசைவுமானி என்று பெயர். இசைவு ஒரு பெட்டி, மறுப்பு ஒரு பெட்டி, பொருளற்றது ஒரு பெட்டி. நூற்றுக்கு அறுபது இசைவு இல்லாமல் எந்தத் திட்டமும் நிறைவேறக் கூடாது என்று சட்டம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

அதற்குப் பிறகு நாட்டில் சத்தமே இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மனுநாள் என்று ஒன்று நடந்ததைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தார்கள். ஆர்ப்பாட்டத்துக்கென்று ஒதுக்கிய இடங்களில் இறகுப்பந்து விளையாடினார்கள். கொண்டுவந்த திட்டமெல்லாம் எழுபதுக்கு மேல்தான் வாங்கியது. மக்கள் இவ்வளவு நிறைவாக இருந்ததே இல்லை என்று நடுவத்தின் ஆண்டறிக்கை வருடம் தவறாமல் சொல்லும். அதை எழுதுகிறவள் மேகலா.

மேகலாவுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கோடை விடுமுறையில் கல்லூரிகளிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் எட்டு வாரப் பயிற்சிக்கு வருவார்கள். கழுத்தில் அட்டையை மாட்டியதும் நாட்டைத் திருத்தப் போகிற நினைப்பு அவர்களுக்கு வந்துவிடும். இரண்டாம் வாரத்தில் அது கான்டீன் காப்பியைத் திருத்தினால் போதும் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அவர்களுக்குக் கொடுக்கிற வேலை அப்படி. இசைவுமானி பிரித்த பதில்களில் ஆளுக்கு இருநூறைக் காதால் கேட்டு, சரியான பெட்டியில்தான் விழுந்திருக்கிறது என்று டிக் போட வேண்டும். புதிதாக ஏதாவது சொல் வந்தால் அது எந்தப் பெட்டி என்று சொல்லட்டவணையில் சேர்க்க வேண்டும். சேர்ப்பது சுலபம். ஒருமுறை ஏறிய சொல்லை இடம் மாற்றுவதுதான் முடியாது, ஏனென்றால் சொல்லட்டவணை சட்டத்தின் பின்னிணைப்பு.

இந்த வருடம் வந்தவர்களில் வேடியம்மாள் என்று ஒரு பெண். நெல்லிக்கோம்பை மலையிலிருந்து வந்தவள், பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. குலசாமிப் பெயரை வைத்திருந்தார்கள். கூடப் படிக்கிற நகரத்துப் பிள்ளைகள் அதை வேடி என்று வெட்டிவிட்டார்கள். மலைப்பேச்சு மற்றவர்களுக்குப் பிடிபடாது என்பதால் நெல்லிக்கோம்பைப் பதில்களை மேகலா அவளிடமே கொடுத்திருந்தாள். சொந்தக்காரர் குரல் வந்தால் கேட்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை யாரும் இதுவரை பயன்படுத்த நேர்ந்ததில்லை.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, காதுக்கருவியைக் கையில் பிடித்தபடி வேடியம்மாள் மேகலாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு பதிலுக்கு டிக் போட முடியாது என்றாள். கேள்வி நெல்லிக்கோம்பை உயர்நிலைப் பள்ளியைப் பற்றியது. அதை இந்த ஜூனோடு மூடிவிட்டு, நூற்று நாற்பது பிள்ளைகளையும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் கீழே இருக்கிற விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது திட்டம். மலையில் இசைவு எழுபத்து நான்கு.

"எங்கப்பா வேணாம்னு சொல்றாருங்க மேடம். மெசின் சரின்னு எடுத்துக்கிச்சு."

விதியைச் சொல்லிக் கருவியை வாங்கி வைக்கத்தான் மேகலா நினைத்தாள். அதற்குள் அந்தப் பெண் பதிலை ஓடவிட்டுவிட்டாள். நடுத்தர வயது ஆண் குரல். பேசுவதற்கு முன் ஒரு செருமல்.

"பள்ளிக்கூடமுங்களா... நாம சொல்லி என்னங்க ஆவப் போவுது. பரவால்லீங்க, உடுங்க."

"பரவாயில்லைன்னுதானேம்மா சொல்லியிருக்கார்?" என்றாள் மேகலா.

"அதத்தாங்க மேடம் நானும் சொல்றேன்."

மேகலாவுக்கு முதலில் விளங்கவில்லை. வேடியம்மாள் விளக்கினாள். அவள் அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. கேட்கிறவர் முகம் வாடிவிடுமே என்று இருக்கும். எட்டு வருடத்துக்கு முன்னால் மலையில் பதினொன்றாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எடுத்தார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அக்கா பத்தோடு நின்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று அப்பா தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தார். அம்மா கேட்டதற்கு இதே சொல்லைத்தான் சொன்னார். அதையும் யாராவது இசைவு என்று எழுதிக்கொள்வார்களா என்று வேடியம்மாள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பார்க்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு மேகலா சொல்லட்டவணையைத் திறந்தாள். நாலாயிரத்து ஏழாவது வரிசை. பரவாயில்லை, பரவால்ல, பரவால்லீங்க, பரவால்லப்பா. பெட்டி: இசைவு. சேர்த்தவர்: மேகலா, பயிலுநர், முதல் அணி.

திறந்து பார்த்திருக்கவே வேண்டாம். அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. இருபது வயது. இசைவுமானி அப்போது இன்னும் ஒரு யோசனைதான், அதற்குச் சொல் கற்றுக்கொடுக்க முதன்முதலாகப் பயிலுநர்களை எடுத்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் சொற்களைப் பெட்டி பிரித்தார்கள். கடைசி நாள் மதியத்துக்கு மேல் மிஞ்சியிருந்த சிலவற்றில் இதுவும் ஒன்று. அவளுக்கு ஒரு சந்தேகம் வந்ததென்னவோ உண்மை. அகராதியைப் புரட்டினாள். பரவா என்றால் கவலை. கவலை இல்லை என்றால் ஆட்சேபம் இல்லை, ஆட்சேபம் இல்லை என்றால் இசைவு. கணக்குச் சரியாக வந்தது. கீழே மற்றவர்கள் பிரியாணிக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தார்கள். போட்டுவிட்டு ஓடினாள்.

அன்று காலையில்தான் இன்னொன்று நடந்திருந்தது. பயிலுநர்கள் செய்த வேலையைப் பற்றிய அறிக்கையின் அட்டையில் அவள் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. அடுத்த பதிப்பில் போட்டுவிடலாம் என்று அப்போதைய பொறுப்பாளர் தோளைக் குலுக்கினார். பரவாயில்லை சார் என்று சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள். அழுத கண்ணோடு, அதே நாளில், அதே சொல்லை எடுத்து இசைவுப் பெட்டியில் போட்டிருக்கிறாள். எப்படி உறைக்காமல் போயிற்று என்று பதினெட்டு வருடம் கழித்து யோசித்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அட்டையில் போகாத பெயர் இந்த ஒரு வரிசையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மூன்று நாள் வேறு வேலை பார்க்காமல் அந்தச் சொல் வந்த பதில்களாக எடுத்து எடுத்துக் கேட்டாள். சப்புக்கொட்டிச் சொன்னார்கள். பெருமூச்சு விட்டுச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டு சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐந்நூறு பதிலில் மனதார ஒப்புக்கொண்டு சொன்னவர்கள் முப்பது பேர் தேறினால் அதிகம். அந்த ஒரு சொல்லை மட்டும் ஒத்திகையாக மறுப்புப் பெட்டிக்கு மாற்றிப் பார்த்தபோது நெல்லிக்கோம்பைப் பள்ளியின் இசைவு எழுபத்து நான்கிலிருந்து இருபத்தொன்பதுக்கு வந்து நின்றது. பிறகு பதினெட்டு வருட முடிவுகளையும் அதே வழியில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூறில் ஆயிரத்து அறுநூற்றுப் பதினொன்று விழுந்துவிட்டன. நிறுத்திய பேருந்துகள், எடுத்த பிரசவ வார்டுகள், மூடிய பள்ளிகள். அத்தனைக்கும் ஜனங்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மேகலா பத்துப் பதில்களை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனாள்.

நடுவத்தின் இயக்குநர் இருதயராஜ் நல்ல மனிதர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பத்துப் பதில்களைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். யார் இதைச் சேர்த்தது என்றுதான் முதலில் கேட்டார்.

"நான்தான் சார்."

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சட்டப் புத்தகத்தை எடுத்து வழி இருக்கிறதா என்று தேடினார். ஒரு வழி இருந்தது. ஏற்கெனவே மக்கள் இசைவு பெற்ற ஒன்றை மாற்ற வேண்டுமென்றால், அது இசைவை இழந்துவிட்டது என்று காட்ட வேண்டும். சொல்லட்டவணையும் அப்படி ஒரு காலத்தில் இசைவு பெற்றதுதான். இப்போதுள்ள அட்டவணையே தொடரலாமா என்று கேட்டு, இசைவு அறுபதுக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடலாம். அதுவரை எண்ணுவதெல்லாம் பழைய அட்டவணைப்படிதான். ஒரே ஒரு நல்லது, அட்டவணையைப் பற்றிய கேள்வியைக் குரற்படிகளிடம் கேட்கக் கூடாது. உயிரோடு இருக்கிற மனிதர்களை, ஆறாயிரம் பேரை, ஆள்வைத்துக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பள்ளி ஆணையில் கையெழுத்தாக இன்னும் பத்து நாள் இருந்தது.

கேள்வியை மேகலாவே எழுதினாள். எட்டு முறை அடித்து எழுதினாள். 'நீங்கள் பரவாயில்லை என்று சொன்னதையெல்லாம் சம்மதம் என்று பதினெட்டு ஆண்டுகளாக நாங்கள் தவறாக எடுத்துக்கொண்டோம். அதற்காக மனம் வருந்துகிறோம், மன்னிக்க வேண்டுகிறோம். இந்த முறை இப்படியே தொடர்வதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?'

இருதயராஜ் படித்துவிட்டுத் தாடையைத் தடவினார். "ஆரம்பத்துலயே மன்னிப்பு வேணுமா மேகலா?"

"அதுகூடச் சொல்லலன்னா எப்படி சார்?"

அவர் கையெழுத்துப் போட்டார்.

பயிலுநர்களைக் கூட்டி வேலையைச் சொன்னபோது, அந்தச் சொல்லைப் பெட்டியில் போட்டது தான்தான் என்பதையும் மேகலா மறைக்காமல் சொன்னாள். கூடத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேடியம்மாள் மட்டும் கையைத் தூக்கி, அப்படியென்றால் இப்போது மாற்றிவிடலாம்தானே என்று கேட்டாள். மாற்றிவிடலாம் என்றாள் மேகலா. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, பதினெட்டு வருடப் பாரத்தில் பாதி இறங்கிவிட்டதாகவே மேகலாவுக்குத் தோன்றியது.

பிள்ளைகள் உற்சாகமாகிவிட்டார்கள். எட்டு வாரப் பயிற்சியில் முதன்முதலாக உயிருள்ள மனிதர்களோடு பேசுகிறார்கள். மறுமுனையில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். அரசாங்கத்திலிருந்து ஒரு மனிதக் குரல் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டார்கள். எல்லோரும் பாசமாகப் பேசுகிறார்கள் மேடம் என்று சாயங்காலம் வந்து சொல்வார்கள். எண்ணிக்கை முடியும்வரை பதில்கள் எந்தப் பெட்டியில் விழுகின்றன என்பதைக் கூப்பிடுகிறவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்பதால் மேகலா கேட்கவில்லை. கூடத்திலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் மட்டும் அவள் அறைக்குக் கேட்டது. அதுவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

நெல்லிக்கோம்பையின் நாற்பது பேரைத் தானே கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டிருந்தாள். மலையில் சிக்னல் எடுக்காது, வெள்ளிக்கிழமை சந்தைக்கு இறங்கும்போதுதான் ஆள் கிடைப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் கணக்கெடுப்பின் ஐந்தாம் நாள், கடைசி நாள். முதலில் வந்த பெயர் மாதையன், வேடியம்மாளின் அப்பா. பின்னால் சந்தை இரைச்சல். எழுதியதை எழுதியபடி, ஒரு சொல் மாற்றாமல், நிறுத்தி நிதானமாக அவள் படித்தாள்.

"அட, பரவால்லீங்கம்மா," என்றார் மாதையன். "இத்தன வருசங்கழிச்சு ஆள் உட்டுக் கேக்கறீங்களே, அதுவே போதும். தப்புன்னா மாத்திக்கலாமுங்க. அந்தப் பள்ளிக்கூடத்த மட்டும் எடுத்துராதீங்க தாயி."

திரையில் அவர் பேச்சின் இரண்டாவது சொல்லிலேயே இசைவுக்கான பச்சை விழுந்துவிட்டது. ஒரு பதிலில் அட்டவணைச் சொல் எது முதலில் வருகிறதோ, அதுவே பெட்டியைத் தீர்மானிக்கும். பின்னால் சொன்னதெல்லாம் சேராது. மறுபடி கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஒருவரை ஒரு முறைதான் கேட்கலாம். நன்றி சொல்லி வைத்தாள். அவர் மகள் நன்றாக வேலை செய்கிறாள் என்றாவது சொல்லியிருக்கலாம் என்று வைத்த பிறகுதான் தோன்றியது.

எழுந்து கூடத்துக்குப் போனாள். பன்னிரண்டு பேரும் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. ஐயோ, நீங்க பெரியவங்க. ரொம்ப நன்றிங்க. இல்லைங்க, தப்பு எங்க மேலதாங்க. ஒவ்வொரு திரையிலும் பச்சை விழுந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டால் நம்மவர்கள் வேறு என்ன சொல்வார்கள் என்று அகராதி புரட்டாமலே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் அவளை மன்னித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை. ஐயாயிரத்துக்கு மேல் கேட்டு முடித்திருந்தார்கள்.

இசைவு தொண்ணூற்றொன்று வந்தது. நடுவத்தின் வரலாற்றில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு வந்ததில்லை. உண்மை தெரிந்த பின்பும் மக்கள் இந்த முறையே தொடரட்டும் என்று பெருவாரியாக ஒப்புதல் அளித்துள்ளனர் என்று கோட்டையிலிருந்து அறிக்கை வந்தது. நெல்லிக்கோம்பை ஆணையில் குறித்த நாளில் கையெழுத்தானது. இருதயராஜிடம் மேகலா ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். அவர் அதைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டு, நீங்களும் போய்விட்டால் இது தப்பு என்று தெரிந்தவர் இந்தக் கட்டடத்தில் யார் இருப்பார் என்று கேட்டார். அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

எட்டாவது வாரம் முடிந்தது. பயிலுநர்கள் ஒவ்வொருவராக வந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு விடைபெறுவது வழக்கம். புதுச்சொல் ஏதும் வருகிறதா என்று அந்தப் பேச்சையும் மேசைமேல் இருக்கிற பதிவி கேட்டுக்கொண்டிருக்கும். வேடியம்மாள் கடைசியாக வந்தாள். தங்கச்சிக்கு விடுதியில் சேர மனமில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள் என்று வீட்டில் சொன்னார்களாம். அதையும் ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

"என்னை மன்னிச்சுடும்மா," என்றாள் மேகலா.

வேடியம்மாள் வாயைத் திறந்தாள். உதடு ஒட்டி, அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குத் தயாரானது மேகலாவுக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு சான்றிதழை நாலாக மடித்தாள். நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பரவா இருக்குதுங்க மேடம்."

போய்விட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது. பதிவியின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. புதிய சொல்: பரவா இருக்கிறது. எந்தப் பெட்டி? தமிழில் அப்படி ஒரு சொல் கிடையாது. அகராதி எதிலும் வராது. மேகலா மறுப்பு என்று அழுத்தினாள். புதிதாகச் சேர்ப்பதற்கு யார் இசைவும் தேவையில்லை என்பதால் அட்டவணை உடனே ஏற்றுக்கொண்டது. இதுவரை சொன்னவர்கள்: ஒருவர் என்று காட்டியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது இருதயராஜ் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். அந்தத் தொண்ணூற்றொன்றை ஆண்டறிக்கையின் முதல் வரியாக வைக்கச் சொல்லி மேலிருந்து வந்திருக்கிறது என்றார். அவளுக்குக் கஷ்டமாக இருந்தால் இந்த வருடம் வேறு யாரையாவது எழுதச் சொல்வதாகவும் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார், பாவம். புதுச்சொல் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லை சார். நானே எழுதிடறேன்."

அவர் நிம்மதியாகப் போனார். பதிவியில் பச்சை விழுந்தது. சொன்னவர்கள் எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றது.